வைத்தியசாலை எட்டாத ஊருக்குப் போகும் மிஷனரிகளுக்கு அடிப்படை மருத்துவப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் இந்தப் பயிற்சியை நடத்துகிறேன். தாதியாக முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றபின் வட உகாண்டாவில் நான்கு ஆண்டுகள் ஊழியத்தில் இருந்தேன். வகுப்புக்கு வருகிறவர்களும், பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரும், சபைப் போதகர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நான் வைத்தியரும் அல்ல, தாதியும் அல்ல. வேதாகமம் கற்பிக்கத்தான் போகிறேன். எனக்கு இது எதற்கு?

நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதை அந்த ஊர் தன் தேவையைக் கொண்டே விளங்கிக்கொள்ளும். கடல் கடந்து வந்தவர், படித்தவர், பெட்டியில் மருந்து வைத்திருப்பவர் என்று தெரிந்துவிட்டால், இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று கதவைச் சாத்த உங்களுக்கு மனம் வராது. மனம் வராததாலேயே, தெரியாத மருந்தைக் கொடுத்துவிடுவீர்கள். நல்ல மனதோடு செய்த தவறுகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், சிலவற்றை நானே செய்திருக்கிறேன்.

கதவைச் சாத்துவதற்கும் கண்டதைக் கொடுப்பதற்கும் நடுவே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. நோயாளியை நிதானமாகப் பார்ப்பது, எண்ண வேண்டியதை எண்ணுவது, எழுதிவைப்பது, அபாயக் குறி தெரிந்தால் காலம் தாழ்த்தாமல் வைத்தியசாலைக்கு அனுப்புவது. எங்கள் பயிற்சியில் பெரும்பகுதி இதுதான்.

இன்னொன்றும் உண்டு. அங்கே போய் முதலில் நோயில் விழப்போகிறவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

பயிற்சி முடித்தால் மருந்து கொடுக்க அனுமதி கிடைக்குமா?

கிடைக்காது. இலங்கையில் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெறாதவர் மேலைத்தேய வைத்தியராகத் தொழில் செய்வது குற்றம். நீங்கள் போகும் நாட்டிலும் அதற்கென்று சட்டம் இருக்கும். நாங்கள் கொடுக்கும் சான்றிதழைச் சுவரில் மாட்டி யாரும் நோயாளி பார்க்கக்கூடாது. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு மறுவாரம் வராமல் நின்றவர்களும் உண்டு.

ஊசி போடக் கற்றுத் தருவீர்களா?

இல்லை. இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற நம்பிக்கை நம் ஊரிலும் உண்டு, நீங்கள் போகும் ஊரிலும் உண்டு. ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்துவதால் எச்ஐவியும் ஈரல் அழற்சியும் பரவும். உங்களுக்கே ஊசி தேவைப்பட்டால் உறை பிரிக்காத புதிய ஊசியைக் கண்முன்னே திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நொடிமுள் உள்ள கைக்கடிகாரம் கொண்டுவரச் சொல்வது ஏன்?

குழந்தையின் மூச்சை எண்ணுவதற்கு. இருமலும் சளியுமாக வரும் குழந்தைக்குச் சாதாரணத் தடிமனா, நியூமோனியாவா என்று ஸ்டெதஸ்கோப் இல்லாமலே ஓரளவு கணிக்க முடியும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு, நியூமோனியாவின் குறி. குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு குழிந்து உள்வாங்கினால், பால் குடிக்க முடியாமல் கிடந்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் விழிக்காவிட்டால், எண்ணிக்கொண்டு நிற்காமல் உடனே அனுப்ப வேண்டும்.

அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக ஓடுவதில்லை. வகுப்புக்கு வரும் தாய்மாரின் குழந்தைகளை வைத்தே பழகுகிறோம். முதல் நாள் ஒரே குழந்தைக்கு ஐந்து பேர் ஐந்து எண்ணிக்கை சொல்வார்கள், நான்காவது வாரத்தில் எண்ணிக்கைகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும்.

வயிற்றோட்டத்துக்கு மட்டும் இரண்டு வகுப்புகளா? ஜீவனி என்ற உப்புக் கரைசல் பொதியைக் கரைத்துக் கொடுத்தால் முடிந்ததுதானே?

நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். உகாண்டாவில் என் முதல் ஆண்டில், இரண்டு வயதுக் குழந்தையோடு வந்த தாயிடம் உப்புக் கரைசல் பொதி ஒன்றைக் கொடுத்து "தண்ணீரில் கலந்து கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் அவள் வீட்டுக்குப் போனால், ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டிய பொதியை ஒரு தேநீர்க் கோப்பையில் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்த அடர்த்தியில் கொடுத்தால் குழந்தையின் இரத்தத்தில் உப்பு ஏறி மூளையையே பாதிக்கும். குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம், பிழைத்தது. தவறு தாயுடையது அல்ல. எத்தனை தண்ணீர் என்று நான் கையில் போத்தலை எடுத்துக் காட்டவில்லை.

ஆகவே இப்போது ஒவ்வொருவரும் வகுப்பில் கரைத்து, அருந்திப் பார்த்து, அடுத்தவருக்குக் கற்பித்துக் காட்ட வேண்டும். போகும் ஊரில் ஒரு லீற்றரை எதனால் அளக்கலாம் என்று தேடுங்கள்: சோடாப் போத்தலா, எண்ணெய்ப் பேணியா, எத்தனை குவளை? பொதி கிடைக்காத இடத்தில் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீருக்கு மட்டமாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டியைக் குவித்து அளந்தால் உப்பு கூடிவிடும். கரைசல் கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்பும் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மூத்த பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வயிற்றோட்டம் என்றால் சாப்பாட்டை நிறுத்தி வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு, அதையும் விட்டுவிட வேண்டும். கரைசலோடு நாகச் சத்து மாத்திரையும், அதாவது சிங்க், 10 முதல் 14 நாட்கள் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.  சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெற்றுக் கொடுக்கலாம்.

கண் குழிவிழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லத் திரும்பி, குழந்தை மயங்கிக் குடிக்க மறுத்தால் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை அல்ல. மலத்தில் இரத்தம் கண்டாலும் அப்படியே. போகும் வழியெல்லாம் கரைசலை ஊட்டிக்கொண்டே போகட்டும்.

காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டு மூன்றாம் நாள் இரத்தம் பார்ப்பது போதாதா?

கொழும்பில் வளர்ந்தவர்களிடம் இந்தப் பழக்கத்தைக் கண்டு உண்மையில் அஞ்சுகிறேன். டெங்கு நம் எல்லோருக்கும் ஒரு பாடம் புகட்டியிருக்கிறது: காய்ச்சல் என்றால் பனடோல், நிறைய நீராகாரம், அஸ்பிரினும் ஐபுப்ரோஃபனும் வேண்டாம், மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை. இங்கே அது நல்ல பாடம். மலேரியா பரவும் ஆபிரிக்க ஊரில் அதே பாடம் உயிரை வாங்கிவிடும்.

பால்சிபாரம் வகை மலேரியாவுக்கு 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்காவிட்டால் நோய் கடுமையாகி மூளை, சிறுநீரகம் என்று பற்றிக்கொள்ளலாம். அங்கே மூன்றாம் நாள் என்பது மிகவும் பிந்திய நாள். காய்ச்சல் தொடங்கிய அன்றே பரிசோதிக்க வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் செய்யும் விரைவுப் பரிசோதனைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் போதும், பல நாடுகளில் கிராமத் தொண்டர்களே செய்கிறார்கள்.

நம் தலைமுறைக்கு இந்த நோய் மறந்துபோனதற்கு நல்ல காரணம் உண்டு. இலங்கைக்குள் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதற்காகப் பாடுபட்டவர்களை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் என் வகுப்புக்கு வரும் இருபத்தைந்து வயதுக்காரர் மலேரியா நோயாளி ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. அவருக்கு இந்த நோய் ஏடுகளில் உள்ள ஒரு பெயர் மட்டுமே.

நானும் அங்கே ஒருமுறை ஏமாந்தேன். தடுப்பு மாத்திரை போடுகிறேனே என்ற துணிவில், குளிர் நடுக்கத்தோடு ஒரு பகலும் ஓர் இரவும் படுத்துக் கிடந்தேன். பக்கத்து வீட்டுக் கிராம சுகாதாரத் தொண்டர் வந்து என்னை அதட்டி, விரலைக் குத்திப் பார்த்தார். அவர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். முப்பது ஆண்டு அனுபவமுள்ள தாதியான எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. தடுப்பு மாத்திரை அபாயத்தைக் குறைக்கும், முற்றாக நீக்காது. மாத்திரையோடு மருந்து ஊட்டிய நுளம்பு வலையும் மாலையில் நீளக் கைச் சட்டையும் வேண்டும்.

புறப்படும் முன் கொழும்பில் எங்கே போக வேண்டும்?

பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி விசாரியுங்கள். உகாண்டா போன்ற நாடுகள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. அந்த நாடுகளிலிருந்து திரும்பும்போது இலங்கையிலும் கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். மலேரியாத் தடுப்பு மாத்திரைக்கு நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியாத் தடை இயக்கத்துக்குப் போங்கள். எந்த நாட்டுக்கு எந்த மாத்திரை என்பதை அவர்களே சொல்வார்கள். சில மாத்திரைகளைப் புறப்படுவதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும், ஆகவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஏற்புத் (டெட்டனஸ்) தடுப்பூசி எப்போது போட்டது என்று பாருங்கள். பல் வைத்தியரிடமும் போய் வாருங்கள். அங்கே நடு இரவில் பல்வலி வந்தால்தான் இதன் அருமை தெரியும்.

பாம்பு கடித்தால்?

வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், விஷக்கல் வைக்காதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் மட்டை வைத்துக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கப்போய் இரண்டாவது ஆளும் கடிபடுவது உண்டு.

இலங்கையிலிருந்து விஷமுறிவு மருந்து வாங்கிக்கொண்டு போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். இங்கே பயன்படும் மருந்து இந்தியாவில் தயாராவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகச் செய்தது. ஆபிரிக்காவின் கருப்பு மாம்பாவுக்கு அது உதவாது. அந்த மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால் வைத்தியசாலையில்தான் ஏற்ற வேண்டும். எந்த வைத்தியசாலையில் விஷமுறிவு இருக்கிறது, மழைக்காலத்தில் அங்கே போக எந்தப் பாதை என்பதை ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே விசாரித்து எழுதிவையுங்கள்.

நாய் கடித்தால் ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். பிறகு தாமதமின்றித் தடுப்பூசிக்குப் போக வேண்டும். விசர் நோயின் குறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

பிரசவம் பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது?

நம் நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். இதையெல்லாம் இயல்பென்று எண்ணி வளர்ந்த நாம், மண் தரையில் ஒரு பெண் நோவெடுத்துக் கிடப்பதைக் கண்டால் திகைத்துப்போவோம். ஊரில் மருத்துவிச்சி இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள், வண்டிக்கு ஆள் அனுப்புங்கள். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால், சுத்தமான துணியால் துடைத்துத் தாயின் வெறும் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்கவைத்து இருவரையும் போர்த்துங்கள். மூச்சு விடாத பிள்ளையின் முதுகைத் தேய்த்துத் தூண்டுங்கள், அப்படியும் விடாவிட்டால் முதல் நிமிடத்துக்குள் செயற்கைச் சுவாசம் தொடங்க வேண்டும். அதைப் பொம்மையை வைத்துக் கற்பிக்கிறோம். தொப்புள் கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். கொடியை அறுக்க வேண்டியிருந்தால் புதிய பிளேடு மட்டுமே. சாணம், சாம்பல் எதுவும் வைக்கக்கூடாது. பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு நாள் பொறுக்கலாம். தாய்க்குத் துணி துணியாக இரத்தம் போனால் அடிவயிற்றை அழுத்தித் தேய்த்தபடி, பிள்ளையைப் பால் குடிக்கவிட்டபடி, ஒரு கணமும் தாமதிக்காமல் கொண்டுபோங்கள்.

ஆண் மிஷனரி பெண் நோயாளியைப் பார்க்கலாமா?

தனியாகப் பார்க்க வேண்டாம். உறவுப் பெண் ஒருவர் உடன் இருக்கட்டும். முடிந்தால் உங்கள் குழுவில் உள்ள பெண்ணே பார்க்கட்டும். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷனரி ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடருடைய வரலாறு பலருக்குத் தெரிந்திருக்கும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஐடா அப்போது வைத்தியர் அல்ல. வைத்தியரான அவருடைய தந்தையை, ஆண் என்பதால், அவர்கள் வேண்டாம் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன்பின் ஐடா வைத்தியம் படித்துத் திரும்பி வந்து வேலூரில் பணியைத் தொடங்கினார், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் திறந்தார். எங்கள் வகுப்புக்குப் பெண்களை அதிகமாக அனுப்புங்கள் என்று போதகர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

ஜெபித்தால் போதாதா? மருந்தைத் தேடுவது விசுவாசக் குறைவு அல்லவா?

நான் ஜெபிக்கிறவள். நோயாளியின் தலையில் கைவைத்து, அவருடைய விருப்பத்தோடு, ஜெபித்திருக்கிறேன். ஆனால் லூக்கா பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் என்ன செய்தான் என்று வரிசையாகப் பாருங்கள். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் கொடுத்தான், திரும்பி வந்து மிச்சத்தைத் தருவதாகவும் சொன்னான். முதலுதவி, போக்குவரத்து, ஒப்படைப்பு, தொடர்ந்து விசாரிப்பு எல்லாம் அங்கே இருக்கின்றன. அவன் அந்த மனிதனைத் தன் வீட்டில் வைத்துத் தானே வைத்தியம் பார்க்கவில்லை. காக்கை வலிப்புக்காரருக்கும் நீரிழிவுக்காரருக்கும் "மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசியுங்கள்" என்று யாராவது சொன்னால், அப்படிச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகக் கூறுங்கள்.

உதவி செய்யும்போதே சுவிசேஷம் சொல்லலாமா?

உயிருக்குப் போராடுகிறவர் உங்கள் கையை எதிர்பார்த்துக் கிடக்கிறார், மறுத்துப் பேசும் நிலையில் இல்லை. அந்த வேளையில் மதம் பேசுவது அவருடைய இயலாமையைப் பயன்படுத்துவதாகும். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை நெறியும், உதவியை மதக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தோடு மதமாற்றம் நடக்கிறது என்று எழுந்த குற்றச்சாட்டுகளையும், அதனால் நேர்மையாக உழைத்தவர்கள் பட்ட மனவேதனையையும் இலங்கையில் இருந்த நாம் அறிவோம். சுகமான பிறகு அவரே கேட்டால் தாராளமாகப் பேசுங்கள்.

அந்த ஊர் மொழி தெரியாமல் என்ன செய்ய முடியும்?

குறைவாகவே முடியும். ஆகவே மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், உடல் உறுப்புகளின் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். "எப்போது தொடங்கியது? குடிக்கிறதா? சிறுநீர் போகிறதா?" இந்த மூன்று கேள்விகளை மனப்பாடம் செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர் பிறகு தமிழுக்கு மாறினார். உடற்கூற்றியல், பிரசவம், சத்திரசிகிச்சை பற்றிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். தம் மாணவர்கள் உடையிலும் பழக்கத்திலும் ஐரோப்பியராக மாறுவதை அவர் விரும்பவில்லை, தமிழராகவே இருந்து தமிழருக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்றார். வெளிநாட்டார் ஒருவர் நம் மொழிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்திருக்கும்போது, நாம் போகும் ஊரின் மொழிக்கு அதே மரியாதையைக் கொடுக்க வேண்டாமா?

அந்த ஊரின் சுகாதாரத் தொண்டர்களோடு சேர்ந்தே வேலை செய்யுங்கள். உகாண்டாவில் கிராம சுகாதாரக் குழு, நேபாளத்தில் பெண் சுகாதாரத் தொண்டர்கள், இந்தியாவில் ஆஷா என்று ஒவ்வொரு நாட்டிலும் ஓர் ஏற்பாடு உண்டு. உங்களுக்கு முன்பும் அவர்கள் அங்கே இருந்தார்கள், நீங்கள் திரும்பிய பின்பும் இருக்கப்போகிறார்கள்.

மருந்துப் பெட்டியில் என்ன கொண்டுபோகலாம்?

உப்புக் கரைசல் பொதிகள், பரசிட்டமோல், வெப்பமானி, கட்டுத்துணி, கையுறை, முக்கோணத் துணி, கத்தரிக்கோல், நுளம்பு வலை, உங்கள் சொந்த நோய்களுக்கான மருந்து. மருந்துகளை அசல் பொதியோடும் வைத்தியரின் மருந்துச் சீட்டோடும் கொண்டுபோங்கள். கொடீன், டிரமடோல் போன்ற வலி மருந்துகளைச் சில நாடுகளின் சுங்கத்தில் கண்டால் சிக்கல்தான். காலாவதியான மாத்திரைகளைச் சேர்த்து "ஏழைகளுக்குக் கொடுங்கள்" என்று தருகிறவர்களிடம் பணிவாக மறுத்துவிடுங்கள். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளை அள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

உண்மையில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

வீதிக்கு. தலைக்கவசம் இல்லாமல் மூன்று பேர் ஏறும் மோட்டார் சைக்கிளுக்கு, இருக்கைப் பட்டி இல்லாத வானுக்கு, இரவுப் பயணத்துக்கு. கொழும்பிலிருந்தே ஒரு தலைக்கவசம் கொண்டுபோங்கள்.

பயிற்சியை எங்கே தொடங்குவது?

இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்சும் முதலுதவி வகுப்புகள் நடத்துகின்றன. முதலில் அங்கே போய் இதயம் நின்றவருக்குச் செய்யும் நெஞ்சழுத்தம், இரத்தப்போக்கு, தீக்காயம், எலும்பு முறிவு ஆகியவற்றைக் கற்றுக்கொண்டு வாருங்கள். நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். தீக்காயத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசை பூசும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். எங்கள் பன்னிரண்டு சனிக்கிழமைகள் அதற்குப் பிறகுதான்.

திரும்பி வந்த பின்பு?

மலேரியாத் தடுப்பு மாத்திரையை வைத்தியர் சொன்ன நாள் வரை, வீடு வந்து சேர்ந்த பின்பும் போடுங்கள். பால்சிபாரம் பெரும்பாலும் திரும்பிய மூன்று மாதங்களுக்குள் வெளிப்படும், வைவாக்ஸ் வகை பல மாதங்கள் கழித்தும் வரலாம். மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இலங்கையில் இன்னும் இருக்கிறது. ஆகவே உங்கள் காய்ச்சல் உங்களோடு மட்டும் நிற்காமல் போகக்கூடும். கொழும்பில் எந்த வைத்தியரிடம் போனாலும் அவர் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், உட்கார்ந்தவுடன் எந்த நாட்டிலிருந்து, எந்தத் தேதியில் வந்தீர்கள் என்பதைச் சொல்லி, மலேரியாப் பரிசோதனையை அன்றே செய்யச் சொல்லிக் கேளுங்கள்.